உடும்புப் பிடிக் குறடு



இரவு இரண்டு மணி. சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் மழை, குருவிட்டத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலைத் தகரக் கூரையை ஓயாது அறைந்துகொண்டிருக்கின்றது. உள்ளே வாட்டிய கொழுந்து உருட்டு இயந்திரத்தில் ஏறிவிட்டது. திடீரென்று இரும்பும் இரும்பும் மோதும் ஓசை கேட்கின்றது, இயந்திரம் நிற்கின்றது. எங்கோ ஒரு நட்டுத் தளர்ந்து விழுந்துவிட்டது. உருட்டிய கொழுந்து காற்றுப் பட்டதும் நிறமும் மணமும் மாறத் தொடங்கும். அதற்கென உரிய நேரம் கடந்துவிட்டால், அந்தக் கொழுந்தில் நல்ல சாயமும் இராது. நல்ல விலையும் இராது. தேயிலை ஆக்கும் அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றார். இயந்திரப் பழுது பார்ப்பவர் ஓடிவருகின்றார். அவர் கையில் எதை எடுத்துக்கொண்டு ஓடி வருகின்றார் என்பதுதான் இன்று நான் பேச விழையும் பொருள்.

பத்துத் தொழிற்சாலைகளில் ஒன்பதில் அது வைஸ் கிறிப் என நம்மவர் வழங்கும் பூட்டுக் குறடாகவே இருக்கும். சிலர் இதனை மோல் கிறிப் என்பர். ஒருமுறை வாயைக் கவ்வவைத்துப் பிடியை அழுத்திவிட்டால், கையை எடுத்த பின்னும் அது விடாது. உடும்புப் பிடி என்று நாம் சொல்லும் பிடி அது. உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி மதிலில் எறிந்து, அதனைப் பற்றிக்கொண்டு கள்வர் ஏறினர் என்று பாட்டிமார் சொல்லுவர். அக்கதையின் உண்மை எவ்வாறாயினும், உடும்புக்கு உயிர் உண்டு. களைத்தால் அது பிடியை விட்டுவிடும். இக்குறட்டுக்குக் களைப்பே இல்லை. அழுத்தும் கை இல்லாமலே அழுத்தம் நிற்கின்றதே, அஃது எங்ஙனம்?

கருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேற்கைப்பிடி உள்ளீடற்ற கூடு. அதன் வாற்புறத்தில் ஒரு திருகு உண்டு. மேல்தாடை அக்கைப்பிடியோடு அசையாமல் பொருந்தியது. கீழ்த்தாடை ஓர் ஆணியைச் சுற்றி அசைவது. அதனோடு கீழ்க்கைப்பிடி இன்னோர் ஆணியால் இணைந்துள்ளது. இரு கைப்பிடிகளுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு சிறு தண்டு இருக்கக் காண்பீர்கள். அதன் ஒரு முனை கீழ்க்கைப்பிடியில் ஆணியால் பொருந்தியிருக்கும். மறுமுனை கூட்டினுள்ளே திருகின் நுனியில் ஊன்றி நிற்கும். தாடையை விரித்து வைக்க ஒரு சுருள்வில் உண்டு. உறுப்புகள் இவ்வளவே. வித்தையெல்லாம் அந்தச் சிறு தண்டிலேதான் இருக்கின்றது.

முழங்காலை மடக்கி அரைக்குந்தலாக நின்று பாருங்கள். சிறிது நேரத்திலேயே தொடை நடுங்கும். காலை நேராக நிமிர்த்தி நின்றால், அதே உடற்சுமை எலும்பின் மேல் இறங்குகின்றது. தசைக்கு வேலை மிகக் குறைவு. முதுகிலே கொழுந்துக் கூடையுடன் மலை ஏறும் பெண் இடையில் மூச்சு வாங்க நிற்கும்போது, ஒரு காலை நிமிர்த்தி அதன்மேல் சுமையை இறக்குவாள். பூட்டுக் குறட்டிலும் கீழ்க்கைப்பிடியும் சிறு தண்டும் சேர்ந்து ஒரு முழங்கால் ஆகின்றன. கைப்பிடியை அழுத்த அழுத்த அந்த முழங்கால் நிமிர்கின்றது. நிமிரும் கடைசிக் கட்டத்தில் கை நகரும் தூரத்தோடு ஒப்பிட்டால் தாடை மூடும் தூரம் மிகச் சிறிது. ஆதலின் அழுத்தம் பன்மடங்காகப் பெருகுகின்றது. மூன்று மூட்டுகளும் நேர்கோட்டில் வந்து, அக்கோட்டை ஒரு மயிரிழை கடந்ததும், கைப்பிடி தடைபட்டு நின்றுவிடும். இனித் தாடையை விரிக்க முயலும் விசை எதுவும் அந்த முழங்காலை மடக்காது. மேலும் இறுக்கவே செய்யும். பழைய டிறங்குப் பெட்டிகளின் கொளுவி 'டக்' என்று மடிந்து பூட்டுவதும் இந்த முறையாலேயே. வாற்புறத் திருகு, எந்தப் பருமனில் முழங்கால் நிமிர வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைத்துத் தருகின்றது.

இதனை ஆக்கியவர் பெரிய ஆய்வுகூடத்தில் இருந்தவர் அல்லர். அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில் டீ விற் என்னும் சிற்றூரில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த வில்லியம் பீற்றர்சன் என்பவர், டென்மார்க்கிலிருந்து குடிபெயர்ந்தவர். காய்ச்சிய இரும்பை ஒரு கையால் குறட்டிற் பிடித்து மறுகையால் அடிக்கும் கொல்லனுக்கு, மூன்றாவது கை ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் நாள்தோறும் இருக்குமன்றோ! தமக்கு வேண்டிய அம்மூன்றாம் கையை அவர் இரும்பிலேயே செய்துகொண்டார். 1921இல் ஒரு காப்புரிமை பெற்றார். பூட்டிக்கொள்ளும் கைப்பிடியுடன் கூடிய வடிவத்துக்கு 1924இல் காப்புரிமை கிடைத்தது. தொடக்கத்தில் தம் வண்டியிலே ஏற்றிச் சென்று உழவர்களுக்கும் வாகனம் திருத்துவோருக்கும் விற்றார். 1938இல் அவ்வூரிலேயே ஆலை எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் துறைகளில், ஒட்டவேண்டிய தகடுகளைச் சேர்த்துப் பிடித்து வைக்க இக்கருவி வேண்டப்பட்டது. பூட்டிய குறட்டை எளிதில் விடுவிக்கும் சிறு நெம்பு 1957இல் சேர்ந்தது. அதற்கு முன்னர் அதனை விடுவிப்பது பூட்டுவதைக் காட்டிலும் கடினம்; கைத்தோலைக் கிள்ளிக்கொண்ட பழைய ஆட்கள் அதனை மறக்கமாட்டார்கள். டீ விற் ஊரின் அந்த ஆலை 2008இல் மூடப்பட்டு, உற்பத்தி சீனத்துக்குப் போயிற்று.

பிரித்தானியாவில் 1955 முதல் இதேவகைக் குறட்டை மோல் என்னும் பெயருடைய பேமிங்காம் கம்பனி ஒன்று செய்தது. மோல் என்றால் ஆங்கிலத்தில் மண்ணைத் துளைக்கும் சிறு விலங்கு ஒன்றும் உண்டு. அதனால், அந்த விலங்கின் பல்லைப் பார்த்து வைத்த பெயர் இது என்று விளக்கம் சொல்லும் மெக்கானிக்குமார் சிலரை நான் அறிவேன். விளக்கம் அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் அது வெறும் குடும்பப் பெயரே.

இனி, நம் ஊருக்கு வருவோம். இக்குறடு எங்கும் உண்டு என்றாலும், சப்பிரகமுவத் தோட்டங்களிலே இதன் வேலை ஏன் இவ்வளவு மிகுதி? முனை மழுங்கிய நட்டுகள் இங்கு மிகுதி என்பதால். ஏன் மழுங்குகின்றன? இதற்கு ஒரு சிறு வரலாறு சொல்ல வேண்டும்.

நம் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் பெரும்பாலும் பிரித்தானியப் பிறப்பின. பெல்பாஸ்ற்றில் டேவிட்சனின் சிறொக்கோ ஆலை உலர்த்தும் இயந்திரங்களைச் செய்தது. கெயின்ஸ்பரோவின் மார்ஷல் கம்பனி ஜாக்சனின் உருட்டு இயந்திரங்களைச் செய்தது. கொழும்பிலும் வாக்கர் அன் சன்ஸ் போன்றவை தேயிலை இயந்திரங்களை ஆக்கின. கப்பலில் வந்த பெரிய இயந்திரத்தை முழு உருவில் மலைக்கு ஏற்ற முடியாது. 1912 முதல் அவிசாவளையிலிருந்து குருவிட்ட வழியாக இரத்தினபுரிவரை சென்ற களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையோ, இரண்டரை அடி அகலமே உடையதாயிருந்தது. நிலையத்திலிருந்து தோட்டம்வரை உள்ள பாதை அதனினும் மோசம். ஆதலின் இயந்திரங்கள் துண்டுதுண்டாக வந்து, அந்தந்த இடத்தில் போல்ட்டும் நட்டும் கொண்டு பூட்டப்பட்டன. அவிசாவளைக்கு அப்பால் அந்த இருப்புப்பாதை 1976இல் மூடப்பட்டது. ஆனால் அந்தக் காலத்து நட்டுகள் பல இன்னும் இயந்திரங்களில் இருக்கின்றன.

அந்த நட்டுகளின் புரிக்குத் தந்தை ஜோசப் விற்வோத். இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போன போக்கில் புரி வெட்டிய காலத்தில், பல இடங்களிலிருந்து போல்ட்டுகளைச் சேர்த்து அளந்து, அவற்றின் சராசரியைக் கணக்கிட்டு, 1841இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகை என்றார். இந்த ஐந்து பாகை வேறுபாடு போர்க்காலத்தில் பெருந்தொல்லை தந்தது; ஒரு நாட்டின் உதிரிப்பாகம் மற்றதன் இயந்திரத்தில் ஏறவில்லை. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் கூடி ஒரே புரியை ஏற்றன. பின்னர் 1965இல் பிரித்தானிய நியம நிறுவனமே விற்வோத் புரியை இனிப் பழையதாகக் கொள்ளுமாறு கூறி, மீற்றர் அளவைப் பரிந்துரைத்தது.

தாளில் பழையதாயிற்று; தொழிற்சாலையில் ஆகவில்லை. இன்று ஒரே கூரையின் கீழ் விற்வோத் நட்டு உள்ள உருட்டு இயந்திரமும், அங்குல அளவில் அமைந்த வேறோர் இயந்திரமும், மீற்றர் நட்டு உள்ள புதிய மின்மோட்டாரும் இருக்கக் காணலாம். மூன்றும் பார்வைக்கு ஒன்றே.

இந்தக் குழப்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றேன். விற்வோத் ஸ்பானரில் 3/8 என்று பொறித்திருந்தால், அஃது ஸ்பானர் வாயின் அளவு அன்று. போல்ட்டுத் தண்டின் பருமன். வாயின் அகலம் 0.710 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18 மில்லிமீற்றர். மீற்றர் ஸ்பானரில் 19 என்று இருந்தால், அதுவோ வாயின் அகலமே. அவசரத்தில் 19ஐ எடுத்து 3/8 விற்வோத் நட்டில் மாட்டினால் அது மாட்டும். ஒரு மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். முதல் இழுப்பில் நட்டின் ஆறு முனைகளும் நசுங்கும். இரண்டாம் இழுப்பில் உருளும். இன்னொன்று: அரை அங்குல விற்வோத் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 புரிகள், 1948இல் ஏற்ற பொதுப் புரியில் அதே பருமனுக்கு 13. ஒன்றின் நட்டு மற்றதில் ஓரிரு சுற்று இனிமையாக ஏறும், பிறகு சிக்கும். பலசாலி ஒருவர் அதனை மேலும் முறுக்கினால், நட்டும் கெடும், போல்ட்டும் கெடும்.

இவற்றோடு நம் மழை சேர்கின்றது. இரத்தினபுரி மாவட்டத்தின் ஈரவலயப் பகுதிகளில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேலும் மழை பெய்வதுண்டு. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்கிற்கும் மேலாக வீங்குகின்றது. புரிகளுக்கிடையே வீங்க இடம் ஏது? ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடும். றப்பர் தொழிற்சாலையில் நிலைமை இன்னும் மோசம். பால் உறைவதற்குச் சேர்க்கும் போமிக் அமிலத்தின் ஈரம், உருளைகளின் அடியில் உள்ள நட்டுகளை ஓயாமல் அரித்துக்கொண்டே இருக்கும். குருவிட்டவைச் சுற்றித் தேயிலையும் உண்டு, றப்பரும் உண்டு, நட்டுக்கு இரண்டு வகையாலும் ஆபத்து.

துருப்பிடித்து இறுகுவது ஒரு புறம். கழன்று விழுவது மறுபுறம். நட்டுத் தானாகக் கழல்வதேன்? நட்டை முறுக்கும்போது போல்ட்டு ஒரு மிக விறைப்பான வில்லைப்போல நீள்கின்றது. அந்த இழுவிசையே இரு தகடுகளையும் சேர்த்து அழுத்துகின்றது. அழுத்தத்தால் வரும் உராய்வே நட்டைப் பிடித்து நிறுத்துகின்றது. ஜெர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் ஓர் உண்மையை நிறுவிக் காட்டினார். போல்ட்டின் நீளத்துக்கு இணையாக வரும் அதிர்வைவிட, குறுக்காக, அதாவது இரு தகடுகளும் பக்கவாட்டில் உரசி நழுவுமாறு வரும் அதிர்வே நட்டை விரைவிற் கழற்றுகின்றது என்பதே அது. உருட்டு இயந்திரத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இதனை உடனே உணர்வார்கள். அதன் வேலையே மூன்று வளைதண்டுகளின் மேல் நின்று பக்கவாட்டில் சுழன்று ஆடுவதுதான்! நட்டுக்கு அதனினும் கொடிய இடம் வேறில்லை. நாம் நம்பிப் போடும் சுருள் வாசர் இத்தகைய ஆட்டத்தின் முன் பெரிதும் பயன்படுவதில்லை என்பதும் அச்சோதனைகளாற் தெரிந்தது. தலையிற் பிளவு வெட்டிய நட்டைப் பூட்டி, போல்ட்டின் துளையூடாக ஸ்பிளிற் பின் செருகி மடிப்பது பழைய முறை. அது தளர்ந்தாலும் கழன்று விழாது.

இவ்வளவும் சொன்னபின் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். இஃது என் பதினேழாம் வயதில், அப்பகுதித் தொழிற்சாலை ஒன்றில் நான் பயிற்சியாளனாய் இருந்தபோது நிகழ்ந்தது. அவ்விடத்தின் பெயர் இங்கு வேண்டா, பிழை என்னுடையது.

எனக்கு அப்போதுதான் ஒரு பூட்டுக் குறடு கிடைத்திருந்தது. அது கையில் இருந்தால் ஸ்பானர் எதற்கு என்ற எண்ணம். கப்பியின் முன்னே இருந்த காப்புக் கூட்டை நான்கு நட்டுகள் பிடித்திருந்தன. தோல்வார் மாற்றுவதற்காக அதனைக் கழற்றும்படி என்னிடம் சொன்னார்கள். நட்டு எந்த அளவு என்று பார்க்கவில்லை. முதலில் ஒரு மீற்றர் ஸ்பானரைப் போட்டு உருட்டினேன். பிறகு குறட்டால் கவ்வி நான்கையும் கழற்றினேன். வேலை முடிந்தது. திரும்பவும் குறட்டாலேயே பூட்டினேன். நல்ல நட்டின் ஆறு முகங்களிலும் பற்குறி விழுந்தது. அடுத்த முறை வார் மாற்றியவருக்கு அந்த நட்டுகளில் இரண்டு அசையவே இல்லை. அவர் வெட்டிரும்பால் வெட்டி எறிந்துவிட்டு, கூட்டைக் கம்பியாற் கட்டிவிட்டுப் போனார். கம்பி அதிர்வில் தளர்ந்தது. கூடு ஒருபக்கம் சரிந்து தொங்கியதை எல்லாரும் பார்த்தோம். நாளை சரிசெய்யலாம் என்று எல்லாரும் எண்ணினோம். சில நாட்களின் பின், இயந்திரத்தின் அடியில் சிந்திய கொழுந்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒருவருடைய வலக்கையின் இரண்டு விரல்நுனிகள் அந்த வாருக்கும் கப்பிக்கும் நடுவே போயின.

அன்று மாலை, நாங்கள் எல்லாரும் பாஸ் என்று அழைக்கும் மூத்த பழுதுபார்ப்பவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த நட்ட மொதல்ல கழட்டினது யாரு?"

"நான்தான் பாஸ்."

"எதால?"

நான் குறட்டை நீட்டினேன். அவர் ஏசவில்லை. அதை வாங்கித் தம் அலுமாரியின் மேற்தட்டில் வைத்தார். "நாளைக்கு வெள்ளன வா. மொதல்ல ஸ்பானர படிக்கணும்" என்றார்.

மறுநாள் அவர் செய்வித்த வேலை இதுதான். தொழிற்சாலையில் இருந்த ஸ்பானர்கள் அனைத்தையும் தரையில் பரப்பி, விற்வோத்துக்கு ஒரு நிறம், அங்குல வகைக்கு ஒரு நிறம், மீற்றருக்கு ஒரு நிறம் என மையிட்டு, மூன்று பலகைகளில் வெவ்வேறாகத் தொங்கவிடச் சொன்னார். பிறகு ஒவ்வோர் இயந்திரத்தின் உடலிலும் அதற்குரிய நிறத்தில் ஒரு பொட்டு. செலவு மூன்று சிறிய மைடப்பா. அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டுப் பலகைக்குப் போனால், இரவு இரண்டு மணிக்கும் தவறு நேராது. காப்புக் கூட்டுக்குப் புதிய போல்ட்டுகளும் ஸ்பிளிற் பின் உள்ள நட்டுகளும் போட்டோம். இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு இருத்தல் வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் விதி என்பதையும் அவர்தான் எனக்கு முதலிற் சொன்னார். சட்டம் கூட்டைப் போடச் சொல்லும். ஆனால் மழுங்கிய நட்டு அதனைப் போடவிடாது.

நட்டு இறுகிவிட்டால் என் செய்வது? பாஸ் கற்பித்ததையும் பின்னர் நான் கற்றதையும் சேர்த்துச் சொல்கின்றேன். முதலில் கம்பித் தூரிகையால் புரியைத் துடையுங்கள். நீட்டி நிற்கும் புரியிலுள்ள துருதான் நட்டு ஏறிவர வேண்டிய வழியை அடைத்துக்கொண்டிருப்பது. அடுத்து, புரி எந்தப் பக்கம் சாய்கின்றது என்று பாருங்கள். சில சுழல்தண்டுகளில் இடப்புரி வெட்டியிருப்பார்கள். அதனைக் கழற்றுவதாக எண்ணி இறுக்கி உடைத்தவர்கள் பலர். பிறகு மண்ணெண்ணெயோடு சிறிது இயந்திர எண்ணெய் கலந்து புரியில் ஊற்றிவிட்டு, முடிந்தால் ஓரிரவு விடுங்கள். நட்டின் பக்கத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் துரு நொறுங்கி எண்ணெய் உள்ளே இறங்கும். கழற்றுமுன் மயிரளவு இறுக்கிப் பார்ப்பதும் நல்லது, துருப்பிடிப்பு விட்டுப்போகும். சரியான அளவுள்ள, நட்டை முழுவதும் சூழும் வளைய ஸ்பானரையே போடுங்கள்.

மாற்றளவு ஸ்பானர் பற்றியும் ஒரு சொல். சுவீடனின் யொகான் பீற்றர் யொகான்சன் 1888இல் குழாய்க் குறட்டையும் 1892இல் வாய் அளவை மாற்றும் ஸ்பானரையும் காப்புரிமை செய்தவர். மாற்றளவு ஸ்பானரை இழுக்கும்போது விசை அசையாத தாடையின் மேல் விழுமாறு பிடித்தல் வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் அசையும் தாடை நெகிழும், நட்டு மழுங்கும். இதனை அறியாதவர் அக்கருவியையே பழிப்பர்.

இவற்றுக்கும் அசையவில்லையெனில் சூடு. நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து பிடிப்பு இளகும். ஆனால் தேயிலைப் பஞ்சு படிந்த இடத்தில் தீயைக் கொண்டுபோகாதீர்கள். அதன் பிறகே பூட்டுக் குறடு. மழுங்கிய நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் அரத்தால் இரண்டு தட்டையான முகங்களை உண்டாக்கிக்கொண்டு, அவற்றைக் குறட்டால் கவ்வுங்கள். திருகை இளக்கித் தாடையை நட்டில் வைத்து, கைப்பிடி மூடும் கடைசி அரை அங்குலத்தில் மட்டும் வலுவான அழுத்தம் வேண்டுமாறு திருகை அமையுங்கள். இரு கைகளாலும் நசுக்கினால்தான் மூடுமென்றால் அளவு மிகுந்துவிட்டது. ஒரு விரலால் மூடினால் போதவில்லை. கைப்பிடிக்குக் குழாய் மாட்டி நீட்டி இழுக்க வேண்டா, ஆணிகள் வளையும். விடுவிக்கும்போது விரல்கள் இரு பிடிகளின் நடுவே இருத்தல் ஆகாது. இவ்வாறு கழன்ற நட்டை மீண்டும் போடாமல் எறிந்துவிடுங்கள். ஒரு நட்டின் விலை என்ன?

நட்டைக் கழற்றுவதைக் காட்டிலும் இக்குறடு பெருமை பெறுவது வேறு வேலைகளிலே என்பது என் கருத்து. பீற்றர்சன் விரும்பிய அந்த மூன்றாம் கையாக இருப்பதில்தான் அதற்கு இணையில்லை. ஒட்டவேண்டிய இரு தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கலாம். துளையிடும்போது சிறு தகடு சுழன்று கையை வெட்டாமல் மேசையோடு கவ்வவைக்கலாம். தலை ஒடிந்த ஆணியின் மிச்சத்தைப் பற்றி இழுக்கலாம். பிடி உடைந்த நீர்க்குழாய்த் திறப்புக்கு, புதியது வரும்வரை பிடியாக மாட்டலாம். லயத்துப் பொதுக் குழாய்களில் இந்தக் கடைசிக் காட்சியை ஆண்டுக்கணக்கில் கண்டிருக்கின்றேன். புதியது வருவதாகக் காணோம்.

பற்றிப் பிடிப்பது என்னும் இந்தத் தொல்லை மனிதனுக்குப் புதிதன்று. குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலெனக் குகையில் 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதர் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன. அங்குக் கிடைத்த கற்கருவிகளில் விரல்நகம் போன்ற மிகச் சிறு துண்டுகளும் உண்டு. அத்துணைச் சிறிய கல்லை வெறுங்கையாற் பிடித்து என்ன செய்ய முடியும்? ஒரு தடியிலோ எலும்பிலோ பதித்து இறுக்கியே பயன்படுத்தியிருத்தல் வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கருவியைப் பிடியில் நிறுத்தும் கவலை அன்றே தொடங்கிவிட்டது.

நேயர்களுள் சிலர் இன்றே கடைக்குப் போய் ஒரு பூட்டுக் குறடு வாங்க எண்ணலாம். வாங்குமுன் தாடைகளை மூடி விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். இரு தாடைகளும் ஒழுங்காகப் பொருந்தாமல் ஒரு பக்கம் மட்டும் ஒளி தெரிந்தால் வேண்டா. கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் மிகுதியாயின் ஆணி தளர்ந்தது. திருகு முழு நீளமும் தடையின்றிச் செல்ல வேண்டும். ஒரு போல்ட்டைக் கவ்வவைத்துப் பூட்டி, கையால் திருப்பிப் பாருங்கள், நழுவலாகாது. பற்களின் மேல் ஒரு சிறு அரத்தை உரசினால், நல்ல உருக்கின் மேல் அரம் வழுக்கும், மட்டமானதில் கடிக்கும். அரத்தோடு வருபவரைக் கடைக்காரர் விரும்புவதில்லை. ஆதலால் இந்தச் சோதனையை, வாங்கிய பின் வாசலில் நின்று செய்வதாயினும், மாற்றித் தருவதாக அவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் திருகின் புரியிலும் நான்கு ஆணிகளிலும் ஒவ்வொரு துளி எண்ணெய் விடுங்கள். நம் மழைக்கு மாதம் ஒருமுறை அது வேண்டும்.